சிங்க் லைசென்ஸ்: ஒத்தியும் இல்லை, ஒத்திசைவும் இல்லை

குறும்படப் போட்டி விண்ணப்பங்களில் இப்போதெல்லாம் ஒரு வரி தவறாமல் வருகிறது: “படத்தில் இடம்பெறும் பாடல்களுக்கு ஒத்திசைவு உரிமம் பெற்றிருத்தல் வேண்டும்.” சிங்க் லைசென்ஸைத்தான் அப்படித் தமிழாக்கியிருக்கிறார்கள். இதை மதுரையில் நாலு பேரிடம் படித்துக் காட்டினால் நாலு பொருள் வரும். தவில்காரர், சுருதி சேர்ந்திருக்கச் சொல்கிறார்கள் என்பார். எடிட்டர், உதட்டசைவும் குரலும் பிசகக் கூடாது என்று எடுத்துக்கொள்வார். செல்போன் கடைக்காரருக்கு அது தொடர்பு எண்களைப் புதுப் போனில் ஏற்றும் பொத்தான். ஆனையூரிலோ வில்லாபுரத்திலோ வீடு தேடி அலைகிறவர் காதில் முதல் மூன்று எழுத்துதான் விழும்: ஒத்தி. மொத்தமாகப் பணம் கொடுத்துக் குடியிருந்து, காலி செய்யும்போது அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு அது. “அண்ணே, பாட்டை ஒத்திக்கு விட்டுட்டீங்களாமே?” என்று கேட்டாலும் கேட்பார்.

கடைசி ஆள்தான் உண்மைக்குக் கொஞ்சமாவது கிட்டே வருகிறார் என்பது வேடிக்கை. ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

சிங்க் லைசென்ஸ் என்பது இவ்வளவுதான்: ஏற்கெனவே இருக்கும் பாட்டையோ இசைத்துண்டையோ ஓடும் படத்தோடு சேர்த்துக்கொள்ள, அதற்கு உடையவர் எழுத்தில் தரும் சம்மதம். படம் என்றால் சினிமா மட்டும் இல்லை. சீரியல், வெப் சீரிஸ், ஆவணப்படம், ஜவுளிக்கடை விளம்பரம் எல்லாம் அதில் அடங்கும். சிங்க் என்பது சிங்க்ரனைசேஷனின் சுருக்கம். கிரேக்கத்தில் ‘சின்’ என்றால் கூட, ‘க்ரோனோஸ்’ என்றால் காலம். 1920களில் படம் ஒரு எந்திரத்திலும் ஒலி தனி இசைத்தட்டிலும் ஓடிய நாளில், இரண்டையும் ஒரே வேகத்தில் ஓடவிடுவதே பெரும்பாடு. 1926இல் வார்னர் நிறுவனம் கொண்டுவந்த வைட்டஃபோன் அப்படிப்பட்ட ஏற்பாடுதான். அந்தக் காலத்து எந்திரச் சொல் உரிமைப் பேச்சிலும் ஒட்டிக்கொண்டது. இன்று ஒலியும் படமும் ஒரே கோப்பில் கிடந்தாலும் பேர் மட்டும் மாறவில்லை. ஃபிலிம் ரீல் போய்ச் சேர்ந்த பிறகும் ‘ரீல் விடுறான்’ என்கிறோமே, அதுபோல. லைசென்ஸ் லத்தீன் வழி வந்த சொல், அடிப்பொருள் அனுமதி. வேர் பற்றி இது போதும்.

என் வழக்கு ‘ஒத்திசைவு’ மேல்தான். போனிலும் கணினியிலும் ‘சிங்க்’ பொத்தானுக்கு ‘ஒத்திசை’ என்று போட்டார்கள். அங்கே அது பொருந்துகிறது: இரண்டு இடத்துத் தகவலும் ஒன்றாக ஆகவேண்டும். அதைத் தூக்கிக்கொண்டுவந்து இசை ஒப்பந்தத்தில் ஒட்டியவர், சிங்க் லைசென்ஸில் எது எதோடு ஒத்துப்போகிறது என்று ஒரு நிமிடம் கேட்டிருக்கலாம். வறண்ட வைகை மணலைக் காட்டும் ஒரு ஷாட்டுக்கு அடியில் 40 விநாடி ஒப்பாரி ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். யார் உதடும் அசையவில்லை, தாளத்துக்கு எந்த வெட்டும் விழவில்லை. காலப் பொருத்தம் என்று அதில் எதுவுமே கிடையாது. ஆனாலும் அந்த 40 விநாடிக்கு அனுமதி வேண்டும். மறுபக்கம், எடிட்டர் ஒரு ஃப்ரேம் பிசகாமல் பாட்டைப் பொருத்தி வைத்திருந்தாலும் உடையவர் எழுதிக் கொடுக்காவிட்டால் அது திருட்டுத்தான். ஆக, ஒத்துப்போவது இந்த அனுமதிக்கு நிபந்தனையும் இல்லை, விளைவும் இல்லை. சேர்ப்பதுதான் விஷயம்.

போதாக்குறைக்கு, இசைக்காரர்களிடம் ‘ஒத்திசைவு’ ஏற்கெனவே வேறு வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது. குரல்களும் சுரங்களும் இயைந்து ஒலிப்பதை அவர்கள் அந்தப் பேரில்தான் சொல்கிறார்கள். படத்தொழிலிலோ ‘சிங்க்’ என்றாலே முதலில் நினைவுக்கு வருவது படப்பிடிப்பிலேயே ஒலியைப் பதியும் சிங்க் சவுண்டும், உதட்டசைவுக்குக் குரலைப் பொருத்தும் லிப் சிங்க்கும். இந்த இரண்டு கூட்டமும் சந்திக்கும் தாளில் இருவருக்கும் தவறாகப் புரியும் ஒரே சொல்லைத் தேடிப் பிடித்துப் போட்டிருக்கிறார்கள். அதுவும் ஒரு திறமைதான்.

இதைச் சரிசெய்கிறேன் என்று கிளம்பியவர்கள் ‘காலப்பொருத்த உரிமம்’, ‘ஒருங்கியக்க உரிமம்’ என்றெல்லாம் எழுதுகிறார்கள். கிரேக்க வேரை எலும்பு எலும்பாக எடுத்துத் தமிழில் அடுக்கியதைத் தவிர வேறொன்றும் நடக்கவில்லை. வேர்ச்சொல்லை மொழிபெயர்ப்பது சொல்லாக்கம் ஆகாது. பொருளுக்குப் பேர் வைக்க வேண்டும். நம் சட்டமே இந்த வம்புக்குப் போகவில்லை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் சிங்க் என்ற பேச்சே இல்லை. இசைப் படைப்பை வைத்து ஒரு திரைப்படம் ஆக்கும் உரிமை அதன் உடையவருக்கு உண்டு என்று 14ஆம் பிரிவு நேராகச் சொல்லிவிட்டுப் போகிறது.

இரண்டாம் பாதியான ‘உரிமம்’ இதைவிட ஆபத்து. ஓட்டுநர் உரிமம், தொழில் உரிமம் என்று அரசு கொடுக்கும் சீட்டுக்கு அது நல்ல சொல். ஆளுக்கு ஆள் கொடுக்கும் சம்மதத்துக்கு வரும்போது உரிமத்துக்கும் உரிமைக்கும் நடுவே இருப்பது ஓர் எழுத்து மட்டும். ஒப்பந்தத்தைத் தமிழாக்கியவர் ஒரு பத்தியில் ‘உரிமம் வழங்குகிறார்’ என்றும் அடுத்த பத்தியில் ‘உரிமையை வழங்குகிறார்’ என்றும் எழுதிவிடுகிறார். முதலாவது வாடகை, இரண்டாவது கிரயம். வீட்டு விஷயத்தில் இந்த வித்தியாசம் தெரியாதவர் மதுரையில் இல்லை. கிரயம் என்றால் பத்திரம் கைமாறிவிடும். வாடகையும் ஒத்தியும் அப்படி இல்லை. குடியிருப்பவர் காலம் முடிந்ததும் காலி செய்வார், வீடு நம் பேரில்தான் இருக்கும். அந்த வகையில் பாட்டு ஒத்திக்குப் போவது என்பது பாதி சரி. மீதிப் பாதி சரியில்லை: ஒத்திப் பணத்தைக் கடைசியில் திருப்ப வேண்டும், சிங்க் பணத்தைத் திருப்ப வேண்டியதில்லை. ஒரே வீட்டை ஒரே நேரத்தில் பத்துப் பேருக்கு ஒத்திக்கு விடவும் முடியாது. தனியுரிமை, அதாவது வேறு யாருக்கும் தரமாட்டேன், என்று எழுதிக் கொடுக்காதவரை ஒரே பாட்டைப் பத்துப் படத்துக்குக் கொடுக்கலாம். இந்தத் தொழிலில் பிழைப்பு நடப்பதே அந்தப் பத்தாவது படத்தில்தான்.

இன்னொரு குழப்பம், பாட்டு ஒன்று என்றாலும் வீடு இரண்டு. மெட்டும் வரியும் ஒரு சொத்து. அதைப் பாடி வாசித்துப் பதிந்த ஒலிப்பதிவு இன்னொரு சொத்து. கண்டிப்பாகச் சொன்னால் மெட்டுக்கும் வரிக்கும் தரும் அனுமதிதான் சிங்க். ஒலிப்பதிவுக்குத் தருவது மாஸ்டர் அனுமதி. படக்காரருக்கு இரண்டும் வேண்டும். ‘நாட்டுப்புறப் பாட்டுத்தானே, யாருக்கும் சொந்தமில்லை’ என்று நினைப்பவர் இங்கேதான் இடறுகிறார். ஒப்பாரி மெட்டு பொதுச்சொத்தாக இருக்கலாம். அதைக் கேசட்டில் பதிந்து வெளியிட்டவரின் ஒலிப்பதிவு அப்படி இல்லை. 1985இல் வெளிவந்த கேசட்டுக்கு 2045 முடியும்வரை பாதுகாப்பு உண்டு. பழைய கேசட்டை உருவி வைத்துக்கொண்டு ‘மரபிசை’ என்று டைட்டிலில் போட்டால் தப்பித்துவிட முடியாது. அந்த மெட்டை ஊர்ப் பாடகியை வைத்துப் புதிதாகப் பதிந்துகொண்டால் முடியும்.

அப்படிப் பதியும்போதும் எது விடுபடும் என்று தெரிந்திருக்க வேண்டும். வாசிக்க வந்தவர்களுக்குச் சம்பளம் கொடுத்து வவுச்சரில் கையெழுத்து வாங்குவதோடு வேலை முடிவதாக நினைக்கிறார்கள். நாகசுரம், தவில், பம்பை, தமுக்கு என்று நையாண்டி மேளத்தில் எத்தனை பேர் உண்டோ அத்தனை பேருக்கும் சட்டத்தில் நிகழ்த்துநர் உரிமை உண்டு. ‘இந்தப் பதிவைத் திரைப்படம், தொலைக்காட்சி, இணையப் படைப்புகளில் சேர்க்கச் சம்மதம்’ என்று ஒரு பத்தி அந்த வவுச்சரிலேயே இருக்க வேண்டும். இரண்டு வருடம் கழித்துப் படக்காரர் கேட்கும்போது பம்பைக்காரரைத் தேடி அலங்காநல்லூர்ப் பக்கம் அலைவதைவிட இது மலிவு. மெட்டு போட்டவருக்கும் வரி எழுதியவருக்கும் எத்தனை விழுக்காடு என்பதையும் பதிவு நாளிலேயே ஒரு தாளில் எழுதிவிட வேண்டும்; கூட்டினால் 100 வரவேண்டும். 95 வந்தாலும் 105 வந்தாலும் படக்காரரின் வக்கீல் திருப்பி அனுப்பிவிடுவார். விலைக்கு வாங்கிய லூப்பை, அதாவது திரும்பத் திரும்ப ஓடவிடும் ஆயத்த இசைத்துண்டை, போட்டிருந்தால் அதன் நிபந்தனையில் படத்துக்குக் கொடுக்க இடம் இருக்கிறதா என்று பார்ப்பதும் அன்றைக்கே செய்யவேண்டிய வேலை. கோப்பைப் படத்துக்கு ஏற்றபடி 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் கோப்பாகக் கொடுக்கவேண்டும், எம்பி3 ஆகாது. குரல் இல்லாத பதிப்பு ஒன்று, தவில் தனி, நாகசுரம் தனி, குரல் தனி என்று ஸ்டெம்கள் வேறு. வசனத்துக்கு அடியில் பாட்டு வரி வந்தால் எடிட்டர் குரலை நீக்கித்தான் போடுவார்; குரல் இல்லாத பதிப்பு கையில் இல்லாததாலேயே கைநழுவும் வாய்ப்புகள் ஏராளம்.

இத்தனையையும் ‘ஒத்திசைவு’ என்ற சொல் தலைமேல் போர்த்தி மூடிவிடுகிறது என்பதுதான் என் புகார். சொல் தெளிவாக இருந்தால் ‘யாருடைய சம்மதம்? எதைச் சேர்க்க? எதில்? எவ்வளவு நாள்?’ என்று கேள்வி தானே எழும்.

அப்படியானால் எது? காட்சிச்சேர்ப்பு இசைவு என்பேன். ‘பாட்டைப் படத்துல சேர்த்துக்கிறோம்’ என்றுதான் உதவி இயக்குநர் பேசுகிறார். சேர்ப்பு அவர் வாயிலேயே இருக்கிறது. இசைவு என்றால் சம்மதம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆலைக்குக் கொடுப்பதை இசைவாணை என்றே அரசுத் தமிழ் சொல்கிறது, ஆகவே புதுச்சொல்லும் இல்லை. இசை என்ற வினைக்கே பொருந்து, உடன்படு என்ற பொருள் உண்டு. ஓர் ஆட்சேபம் நியாயமானது: இசை பற்றிய தாளில் இசைவு என்று எழுதினால் அதையும் மியூசிக் என்று படித்துவிடுவார்கள். அந்தப் பயம் இருந்தால் ‘காட்சிச்சேர்ப்பு அனுமதி’ என்று எழுதுங்கள். அனுமதி வடசொல் என்று முகம் சுளிப்பவர்கள் இந்த ஊரில் உண்டு. 1901இல் பாண்டித்துரைத் தேவர் தமிழ்ச் சங்கம் கண்ட ஊரில் அந்தக் கவலை இல்லாமல் போகாது. ஆனால் கையெழுத்துப் போடும் பம்பைக்காரருக்குப் புரிகிற வடசொல், புரியாத தனித்தமிழைவிட மேல். இரண்டும் பிடிக்காவிட்டால் ‘சிங்க்’ என்றே எழுதிவிடுங்கள். தவறான தமிழைவிடப் பழகிய கடன்சொல் குறைந்த கேடு.

இந்த ஒரு சொல்லோடு நின்றால் பரவாயில்லை. ‘ராயல்டி-ஃப்ரீ’ என்பதை ‘இலவச இசை’ என்று மொழிபெயர்த்து எத்தனை பேரை மாட்டிவிட்டிருக்கிறார்கள்! ஒருமுறை பணம் கட்டிவிட்டால் ஒவ்வொரு பயன்பாட்டுக்கும் தனியாகக் கட்டவேண்டாம் என்பதே அதன் பொருள். அந்த ஒருமுறை பணம் கட்டவே வேண்டும். மியூசிக் பப்ளிஷர் ‘இசைப் பதிப்பகம்’ ஆகிவிட்டார். படிப்பவர் சுரக் குறிப்புப் புத்தகம் போடுகிறவர் என்று நினைக்கிறார். அவர் செய்வது மெட்டையும் வரியையும் நிர்வகித்துப் பணம் வசூலித்துத் தருவது. செய்தித்தாள்களோ பேட்டன்டுக்கும் காப்பிரைட்டுக்கும் ஒரே ‘காப்புரிமை’யைப் போட்டுத் தீர்த்துவிடுகின்றன. எல்லாவற்றுக்கும் சிகரம், ‘மோஸ்ட் ஃபேவர்டு நேஷன்’ என்ற ஒப்பந்த வரி. 2019இல் பாகிஸ்தானுக்குக் கொடுத்திருந்த அந்தப் பேருள்ள வர்த்தகத் தகுதியை இந்தியா திரும்பப் பெற்ற செய்தியில் படித்த ஞாபகத்தில் அதை ‘மிகவும் விரும்பத்தக்க நாடு’ என்று ஓர் இசை ஒப்பந்தத் தமிழாக்கத்தில் அப்படியே இறக்கியிருந்தார்கள். மெட்டுக்காரருக்கு ஒரு தொகையும் ஒலிப்பதிவுக்காரருக்கு அதைவிடக் கூடுதலும் பேசப்பட்டால், குறைந்தவருக்கும் கூடுதல் தொகையே தரவேண்டும் என்பதுதான் அங்கே அதன் பொருள். ‘சமத்தொகை உறுதி’ என்று எழுதினால் யாருக்கும் எந்த நாட்டுக்கும் போகவேண்டிய அவசியம் வராது.

ஒரு ஒப்பந்த வரி இப்படி இருந்தால் போதும்: “இந்தப் பாடலின் மெட்டு, வரி, ஒலிப்பதிவு மூன்றையும் மேற்சொன்ன ஆவணப்படத்தில் 40 விநாடிக்கு மிகாமல் சேர்த்துக்கொள்ள 3 ஆண்டுக்கு, இந்தியாவுக்குள், தொலைக்காட்சியிலும் இணையத்திலும் வெளியிட, தனியுரிமை இன்றி இசைவு தருகிறேன், முன்னோட்டத்துக்கும் விளம்பரத்துக்கும் இந்த இசைவு செல்லாது.” காலம் எழுதாமல் விட்டால் சட்டம் 5 ஆண்டு என்று எடுத்துக்கொள்ளும், இடம் எழுதாமல் விட்டால் இந்தியா என்று எடுத்துக்கொள்ளும். எதிர்த்தரப்பு அனுப்பும் வரைவில் அந்த இடத்தில் பெரும்பாலும் ‘அண்டம் முழுவதும், என்றென்றைக்கும்’ என்று இருக்கும். பேனாவை எடுத்து அண்டத்தை அடித்துவிட்டு இந்தியா என்று எழுதி, பக்கத்தில் இருவரும் சுருக்கொப்பம் இடவேண்டும்.