களைத்துத் திரும்பும் மாலைக்கு ஒரு நகைச்சுவைத் தொடர்

ஆலோசனைக்கு வருபவர்களிடம் நான் தவறாமல் கேட்கும் கேள்விகளில் ஒன்று, வேலை முடிந்து வீடு திரும்பியதும் முதல் ஒரு மணி நேரத்தில் என்ன செய்வீர்கள் என்பது. தூக்கம், பசி, குடிப்பழக்கம் பற்றியெல்லாம் தயங்காமல் பதில் சொல்பவர்கள்கூட இந்தக் கேள்விக்குச் சற்றே குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். "ஒன்றுமில்லை, சும்மா டிவி பார்ப்பேன்" என்பார்கள். விடாமல் கேட்டால்தான், ஏற்கெனவே பலமுறை பார்த்து முடித்த ஒரு நகைச்சுவைத் தொடரை மீண்டும் பார்க்கிறார்கள் என்பது தெரியவரும். மனநல ஆலோசகராகப் பல ஆண்டுகள் பணியாற்றிய அனுபவத்தில் சொல்கிறேன்: அவர்கள் பார்க்கும் தொடரைவிட, அதைச் சொல்லும்போது தாழ்ந்துபோகும் அந்தக் குரல்தான் எனக்குக் கவலை தருகிறது.

தீவிர சிகிச்சைப் பிரிவில் பணியாற்றும் செவிலியர் ஒருவர் உறக்கமின்மைக்காக என்னிடம் வந்தார். பணி முடிந்து வீட்டுக்கு வந்ததும் காலணியை மட்டும் கழற்றிவிட்டு, உடைகூட மாற்றாமல் சுவரில் சாய்ந்து தரையிலேயே உட்கார்ந்து, ஆறு நண்பர்களைப் பற்றிய 'ஃப்ரெண்ட்ஸ்' என்ற அமெரிக்கத் தொடரில் கைக்குக் கிடைத்த எபிசோடை ஓடவிடுவாராம். திரையில் வசனம் வருவதற்கு முன்பே அவருடைய உதடுகள் அதைச் சொல்லிவிடும். "அடுத்து என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும், யாருக்கும் எதுவும் ஆகாது என்றும் தெரியும்" என்றார். பகல் முழுவதும், அடுத்த நொடியில் எந்தப் படுக்கையின் மானிட்டர் அலறும் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றவர் அவர். எதுவும் ஆகாது என்று உறுதியாகத் தெரிந்த ஓர் அறையை அவருடைய மனம் தேடிக் கண்டுபிடித்திருக்கிறது. ஆனால் இவ்வளவையும் அழகாகச் சொன்னவர், முடிக்கும்போது மன்னிப்புக் கேட்கும் தொனியில், "அந்த நேரத்தில் உருப்படியாக ஏதாவது படிக்கலாம், நேரத்தை வீணாக்குகிறேன்" என்றார்.

நேரம் வீணாகவில்லை என்பதற்கு ஆய்வுகளே சான்று. அடிக்கடி கண்ணில் படும் ஒன்றின் மீது, வேறு காரணம் எதுவும் இல்லாமலேயே நமக்கு விருப்பம் கூடுகிறது என்பதை உளவியலாளர் ராபர்ட் ஸயான்ஸ் 1968-இலேயே நிறுவினார். திரையில் தோன்றுபவர்களோடு பார்வையாளர் கொள்ளும் ஒருதலை நட்பைப் பற்றி ஹார்ட்டன், வோல் என்ற இருவர் அதற்கும் முன்பு, 1956-இல், எழுதினார்கள். மனத்துக்குப் பிடித்த நிகழ்ச்சியை நினைத்துப் பார்ப்பதுகூடத் தனிமையுணர்வைத் தணிக்கிறது என்று 2009-இல் வெளிவந்த ஆய்வின் ஆசிரியர்களுள் ஒருவரான ஜே டெரிக், 2013-இல் இன்னும் ஒரு படி மேலே சென்றார். மனத்தை வருத்தும் பணியைச் செய்து முடித்தவர்கள் தங்களுக்குப் பழக்கமான கற்பனை உலகத்தை நாடுகிறார்கள் என்றும், அங்கே சற்று நேரம் இருந்துவிட்டு வந்த பிறகு அவர்களுடைய மனக்கட்டுப்பாடு ஓரளவு மீள்கிறது என்றும் அவர் காட்டினார். இங்கே பழக்கம் என்பதுதான் முக்கியமானது. புதிய கதை கவனத்தைக் கேட்கும், ஊகிக்கச் சொல்லும், புதிய பெயர்களை நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்லும். நாள் முழுவதும் முடிவெடுத்துச் சலித்த மனத்திடம் அதற்கு இருப்பு இருக்காது. 1994 முதல் 2004 வரை 236 எபிசோடுகளாக வந்த 'ஃப்ரெண்ட்ஸ்' போன்ற ஒரு தொடரில் அந்த ஆறு பேரும் நமக்கு அறிமுகம் தேவைப்படாதவர்கள். நாம் பேசாவிட்டாலும் கோபித்துக்கொள்ளாதவர்கள்.

அப்படியென்றால் அந்தச் செவிலியரின் களைப்பு ஏன் தீரவில்லை? இதற்கான விடை, ஜெர்மனி, நெதர்லாந்து நாடுகளின் ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்ட ஆய்வொன்றில் இருக்கிறது என்று நினைக்கிறேன். வேலைக்குப் பின் மிகவும் களைத்திருந்தவர்கள், தாங்கள் தொலைக்காட்சி பார்த்ததைக் கடமையிலிருந்து நழுவியதாகக் கருதிக் குற்றவுணர்வு கொண்டார்கள். அந்தக் குற்றவுணர்வு கூடக்கூட, பார்த்ததால் கிடைத்திருக்க வேண்டிய ஆறுதல் குறைந்தது. அதாவது யாருக்கு ஓய்வு மிக அதிகமாகத் தேவையோ, அவர்களே அதைத் தமக்கு மறுத்துக்கொள்கிறார்கள். கண் திரையில் இருக்க, மனம் உள்ளே தன்னைத் திட்டிக்கொண்டிருந்தால், ஓர் எபிசோடு ஓடும் அந்த இருபத்திரண்டு நிமிடமும் இன்னொரு பணிநேரம்தான். என்னிடம் வருபவர்களுக்கு இதை நான் சற்று அழுத்தியே சொல்வேன்: பார்ப்பதென்று முடிவு செய்துவிட்டால் முழு மனத்தோடு பாருங்கள், இல்லையென்றால் நேரே போய்ப் படுத்துவிடுங்கள். இரண்டுக்கும் நடுவில் நின்று தவிப்பதில் எந்தப் பயனும் இல்லை.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வேலையிலிருந்து மீள்வதற்கு நான்கு வகை அனுபவங்கள் உதவுகின்றன என்று சோனென்டாக், ஃபிரிட்ஸ் என்ற ஆய்வாளர்கள் 2007-இல் வகுத்தார்கள். வேலையைப் பற்றிய எண்ணத்திலிருந்து விலகுதல், உடலும் மனமும் தளர்தல், புதிதாக ஒன்றைக் கற்றுத் தேர்தல், ஓய்வு நேரத்தை என்ன செய்வது என்று தானே தீர்மானித்தல் ஆகியவையே அவை. நகைச்சுவைத் தொடர் முதல் இரண்டையும் தாராளமாகத் தரும், மூன்றாவதைத் தராது. நான்காவது கிடைப்பதும் கிடைக்காமல் போவதும் நம் கையில் இருக்கிறது. ஏனென்றால் திரையில் தானாக வந்து நிற்பதைப் பார்ப்பதும், இன்று இதைத்தான் பார்க்கப்போகிறேன் என்று தேர்ந்து பார்ப்பதும் ஒன்றல்ல.

சிரிப்பு உடலில் செய்யும் வேலையைப் பற்றி மிகைப்படுத்தாமல் பேசுவது அவசியம். அமெரிக்க இதழாசிரியர் நார்மன் கசின்ஸ், முதுகெலும்பைப் பாதித்த கடும் நோயோடு படுத்திருந்தபோது 'கேண்டிட் கேமரா' என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சியையும் நகைச்சுவைப் படங்களையும் பார்த்ததாகவும், பத்து நிமிடம் வயிறு குலுங்கச் சிரித்தால் இரண்டு மணி நேரம் வலியின்றித் தூங்க முடிந்ததாகவும் 1976-இல் மருத்துவ இதழொன்றில் எழுதினார். அது ஒரு தனிமனிதரின் அனுபவம். சிரிப்பு நோயைக் குணப்படுத்தும் என்பதற்கு அதை ஆதாரமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் சேர்ந்து சிரித்த பிறகு வலியைத் தாங்கும் எல்லை உயர்கிறது என்று உளவியலாளர் ராபின் டன்பாரும் அவருடைய குழுவினரும் சோதித்துக் கண்டார்கள். நண்பர்களோடு சேர்ந்து சிரித்த பிறகு மூளையில், வலியைத் தணிக்கும் எண்டார்ஃபின் வகை வேதிப்பொருள்கள் சுரப்பதைப் பின்லாந்து ஆய்வாளர்கள் 2017-இல் ஸ்கேன் மூலம் காட்டினார்கள். இரண்டிலும் 'சேர்ந்து' என்ற சொல் இருப்பதைக் கவனியுங்கள். நாம் தனியாக இருக்கும்போது சிரிப்பதைவிடப் பிறரோடு இருக்கும்போது சிரிப்பது ஏறத்தாழ 30 மடங்கு அதிகம் என்பது, சிரிப்பையே வாழ்நாள் ஆய்வாகக் கொண்டிருந்த ராபர்ட் புரொவைனின் கணிப்பு. எனவே வீட்டில் ஒருவர் இருந்தால் அவரையும் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். தனியாக இருப்பவர்களுக்குத் தொடரின் பின்னணியில் ஒலிக்கும் பார்வையாளர் சிரிப்பு ஓரளவு துணையாகிறது. பதிவு செய்த சிரிப்பைச் சேர்க்கும் கருவியைச் சார்லஸ் டக்ளஸ் 1950-களில் உருவாக்கியதும், வீட்டில் தனித்திருக்கும் பார்வையாளருக்கு அரங்கில் இருக்கும் உணர்வைத் தரத்தான். போர்க்கள மருத்துவமனையைக் களமாகக் கொண்டு 1972 முதல் 1983 வரை ஒளிபரப்பான 'மாஷ்' தொடரில், அறுவை சிகிச்சை அறைக் காட்சிகளில் அந்தச் சிரிப்பொலி சேர்க்கப்படவில்லை. சிரிக்கக் கூடாத இடத்தை அறிந்திருந்த அந்தப் பண்பு எனக்கு மிகவும் பிடிக்கும்.

எதைப் பார்ப்பது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். எல்லா நகைச்சுவையும் ஆறுதல் தருவதில்லை. சக ஊழியர்கள் முன்னிலையில் மேலாளரிடம் வசை வாங்கிய ஒருவர், அன்றிரவே மனத்தைத் தேற்றிக்கொள்ள 'தி ஆபிஸ்' தொடரைப் போட்டாராம். பொறுப்பில்லாத மேலாளர் ஒருவர் ஊழியர்களைச் சங்கடப்படுத்தும் காட்சிகளில் நண்பர்கள் எல்லாரும் சிரிப்பார்கள். அவரும் வழக்கமாகச் சிரித்தவர்தான். அன்று அவருடைய தாடை இறுகிப்போனது, கை தலையணையைப் பிசைந்துகொண்டிருந்தது. தொடரின் மீது குறை இல்லை, நல்ல தொடர்தான். ஆனால் நம்மை அன்று காயப்படுத்திய விஷயத்தையே கருவாகக் கொண்ட நகைச்சுவை மனநிலையை மாற்ற உதவாது என்பது, ஊடகங்களைக் கொண்டு மனநிலையைச் சீர்செய்துகொள்வது பற்றி ஊடக ஆய்வாளர் டால்ஃப் ஸில்மன் வகுத்த கோட்பாட்டின் முக்கியக் கூறு. ஆகவே வேலையில் அடிபட்ட நாளில் அலுவலகக் கதை வேண்டாம். வீட்டில் சண்டை போட்ட நாளில் குடும்பக் கலகலப்பும் வேண்டாம்.

என்னைக் கேட்டால், யாருடைய அவமானத்திலும் சிரிப்பைத் தேடாத தொடர்களைச் சொல்வேன். செல்வத்தை இழந்த ஒரு குடும்பம் சிற்றூர் ஒன்றின் மோட்டலில் வந்து தங்கி, மெல்ல மெல்ல ஒருவரையொருவர் கண்டுகொள்ளும் 'ஷிட்ஸ் கிரீக்' அப்படிப்பட்டது. 2015 முதல் 2020 வரை 80 எபிசோடுகள் வந்தன. அதன் இறுதிப் பருவம் 2020 எம்மி விருதுகளில் நகைச்சுவைத் தொடருக்கான ஏழு முதன்மைப் பிரிவுகளையும் வென்றது. தொடக்கத்து எபிசோடுகளில் அந்தக் குடும்பத்தினர் சற்று எரிச்சலூட்டுவார்கள், பொறுத்துக்கொண்டால் பின்னால் பலன் உண்டு. உள்ளாட்சி அலுவலகமொன்றில் நடப்பதாக இருந்தாலும் 'பார்க்ஸ் அண்ட் ரெக்ரியேஷன்' தன் மாந்தர்களை நேசிக்கும் தொடர். நாள் முழுவதும் பேசியே தொண்டை வறண்டவர்களுக்கு, குறிப்பாக வாடிக்கையாளர் அழைப்புகளை எடுப்பவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும், நான் பரிந்துரைப்பது 'மிஸ்டர் பீன்'. 1990-இல் தொடங்கிய அந்தத் தொடரில் மொத்தமே 15 எபிசோடுகள்தான்; பேச்சு மிகக் குறைவு; கேட்கவும் வேண்டாம், பதில் சொல்லவும் வேண்டாம். ஒவ்வொரு எபிசோடும் தன்னளவில் முடிந்துவிடுவது இன்னொரு நன்மை. அடுத்து என்ன ஆகுமோ என்ற கொக்கியில் முடியும் தொடர் எவ்வளவு சிரிக்க வைத்தாலும் படுக்கைக்குப் போகும் முன் பார்க்க ஏற்றதல்ல.

நிறுத்துவது எப்போது என்பதைத் தொடங்கும் முன்பே முடிவு செய்துவிட வேண்டும், ஏனென்றால் களைத்த மனம் நடுவில் முடிவெடுக்காது. அடுத்த எபிசோடு தானாக ஓடும் வசதியை தொடரைப் பார்க்கும் ஸ்ட்ரீமிங் தளத்தின் அமைப்புகளுக்குள் சென்று அணைத்துவிடச் சொல்கிறேன். பலருக்கு அப்படி ஒரு வாய்ப்பு இருப்பதே தெரிவதில்லை. 18 முதல் 25 வயது வரையிலான இளையோரிடம் 2017-இல் நடந்த பெல்ஜிய ஆய்வொன்று, தொடர்ச்சியாகப் பல எபிசோடுகள் பார்ப்பவர்களின் தூக்கம் தரம் குறைந்திருப்பதையும், படுத்த பின்னும் மனம் கதைக்குள்ளேயே விழித்திருப்பது அதற்குக் காரணமாவதையும் கண்டது. அரை மணி நேர எபிசோடுகள் இரண்டு போதும். பெரியவர்களுக்குத் தேவையான குறைந்தது ஏழு மணி நேரத் தூக்கத்திலிருந்து கடன் வாங்கிப் பார்த்தால் மறுநாள் இன்னும் கடினமான நாளாகும். பார்க்கும்போது கைப்பேசி வேறு அறையில் இருக்கட்டும். ஒரு கண்ணில் சிரிப்பும் மறு கண்ணில் அலுவலகக் குழுவின் செய்திகளுமாக இருந்தால் வேலையிலிருந்து விலகுதல் என்பது நடக்கவே நடக்காது.

இவ்வளவுக்குப் பிறகும் ஆறுதல் கிடைக்காத நிலை ஒன்று உண்டு. அதை அடையாளம் கண்டுகொள்ள வேண்டும். ஒருவர் தன் மனைவியின் வற்புறுத்தலால் என்னிடம் வந்தார். தினமும் தனக்குப் பிடித்த தொடரைத்தான் பார்க்கிறார், ஆனால் முகத்தில் ஓர் அசைவும் இல்லை என்பது மனைவி சொன்ன முறையீடு. "எந்த இடத்தில் சிரிக்க வேண்டும் என்று தெரிகிறது, சிரிப்புத்தான் வரவில்லை" என்றார் அவர். முன்பு மகிழ்ச்சி தந்தவற்றில் நாட்டம் அற்றுப்போவது இரண்டு வாரங்களுக்கு மேல் பெரும்பாலான நாட்களில் நீடித்து, தூக்கமோ பசியோ மாறி, தன் மீதே வெறுப்பும் சேர்ந்தால், அது மனச்சோர்வு நோயின் அறிகுறியாக இருக்கலாம். எபிசோடுகளின் எண்ணிக்கையைக் கூட்டுவது அதற்குத் தீர்வாகாது. மருத்துவரிடம் காட்ட வேண்டும். வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் வருமானால் ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது.

அவருக்கு மனநல மருத்துவரிடம் மருந்தும் என்னிடம் ஆலோசனையுமாகச் சில மாதங்கள் சென்றன. ஒருநாள் உள்ளே வந்து உட்கார்ந்ததும், நான் எதுவும் கேட்பதற்கு முன்பே, முந்தைய இரவு பார்த்த காட்சியொன்றைச் சொல்லத் தொடங்கினார். கதாபாத்திரம் கதவைத் தள்ளும் விதத்தைக் கையால் செய்து காட்டினார். பாதியில் அவருக்கே சிரிப்பு வந்து வாக்கியம் நின்றுபோயிற்று. கதவருகே நின்றிருந்த அவர் மனைவி அதன் மீதியைச் சொல்லி முடித்தார்.