ஸ்பானிய மொழியில் ‘இல்லை’ சொல்லத் தமிழே கைகொடுக்கும்

என்னிடம் ஸ்பானிய மொழி கற்க வருகிறவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். ஆனால் அவர்கள் கையில் இருப்பது ஆங்கிலம் வழியாகக் கற்றுத்தரும் புத்தகம். எதிர்மறை வாக்கியப் பாடம் வந்ததும், ஒரே வாக்கியத்தில் இரண்டு மறுப்புச்சொற்கள் வரும் இரட்டை எதிர்மறை பற்றி அதில் பெரிய எச்சரிக்கை இருக்கும். அதைப் படித்துவிட்டு நம்மவர்களும் மிரண்டுபோய் வருகிறார்கள். தமிழ் பேசுகிறவர் மிரள அதில் எதுவும் இல்லை. ‘எதுவும் இல்லை’ என்று இப்போது எழுதினேனே, அந்த அமைப்பேதான் பாடம்.

அடிப்படை எளியது. வினைக்கு முன்னால் ‘நோ’ சேர்த்தால் போதும். ‘ஆப்லோ’ என்றால் பேசுகிறேன். ‘நோ ஆப்லோ’ என்றால் பேசுவதில்லை. ஆங்கிலத்தைப் போல மறுப்புக்கென்றே ஒரு துணைவினையைக் கொண்டுவந்து நடுவில் நிறுத்த வேண்டியதில்லை. ‘நோ’வுக்கும் வினைக்கும் இடையே மே, லோ போன்ற சின்னஞ்சிறு சொற்கள் மட்டுமே நுழையலாம். ‘நோ மே குஸ்தா’ என்பது ‘எனக்குப் பிடிக்கவில்லை’. அந்த ‘மே’ நம் ‘எனக்கு’தான். நான் சாப்பிடவில்லை என்பதற்கு ‘நோ ஏ கொமீதோ’. இதில் ‘ஏ’ ஆங்கில ‘ஹேவ்’ போன்ற துணைவினை; ‘நோ’ அதற்கும் முன்னால் வரும். இங்கே பலர் ‘ஏ நோ கொமீதோ’ என்கிறார்கள். ஆங்கில வாக்கியத்தை மனத்தில் வைத்து அடுக்குவதால் வரும் பிழை அது.

இனி, அந்த இரட்டை எதிர்மறை. ‘யாரும் வரவில்லை’ என்பதற்கு ஸ்பானிய மொழியில் ‘நோ வீனோ நாதியே’. ‘எனக்கு ஒன்றும் தெரியாது’ என்பதற்கு ‘நோ சே நாதா’. நாதியே என்றால் யாரும், நாதா என்றால் ஒன்றும். ‘கேட்க நாதியில்லை’ என்கிறோமே, அந்த நாதியோடு நாதியேவைச் சேர்த்து நினைவில் வையுங்கள் என்று மாணவர்களிடம் சொல்வேன். இரண்டுக்கும் உறவு கிடையாது, ஆனால் மறக்காது. ‘நாதி’யில் ‘தி’யை நாம் மென்மையாக உச்சரிக்கும் விதமும் ஸ்பானிய ஒலிக்கு மிக நெருக்கமானது.

இதுவரை தமிழ் துணை நின்றது. அடுத்த படியில் அதே தமிழ் காலை வாரும். ‘யாரும்’ நம் வாக்கியத்தில் முதலில் வருவதால், மாணவர்கள் நாதியேவை முன்னால் வைத்து, பழக்கத்தில் ‘நோ’வையும் சேர்த்து ‘நாதியே நோ வீனோ’ என்கிறார்கள். அது தவறு. நாதியே முன்னால் வந்துவிட்டால் ‘நோ’ வராது. ‘நாதியே வீனோ’ என்றாலே யாரும் வரவில்லை என்று பொருள். ஒருபோதும் என்ற பொருளுள்ள ‘நுங்கா’வுக்கும் இதே கதைதான். வினைக்கு முன்னால் ஏதேனும் ஒரு மறுப்புச்சொல் நிற்க வேண்டும். வேறு எதுவும் இல்லாதபோது அந்த இடத்துக்கு ‘நோ’ வருகிறது.

ஏன் இப்படி என்று கேட்பவர்களை எனக்குப் பிடிக்கும். நாதா, நாதியே இரண்டும் ‘பிறந்த’ என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து வந்தவை. தொடக்கத்தில் அவற்றில் மறுப்பே கிடையாது. ‘பிறந்தவர் எவரும்’ என்பதுபோல்தான் இருந்தன. ‘யாரும் வரலாம்’ என்று நாம் உடன்பாட்டிலும் சொல்கிறோம் அல்லவா? நம் ‘யாரும்’ இன்றும் அந்த நிலையில் நிற்கிறது. நாதியே மட்டும் நெடுங்காலம் ‘நோ’வோடு பழகிப் பழகி, தானே மறுப்புச்சொல்லாகிவிட்டது. ‘யார் வந்தார்?’ என்ற கேள்விக்கு ‘நாதியே’ என்ற ஒற்றைச் சொல்லே முழு விடை.

கட்டளைகளுக்கு அஞ்ச வேண்டாம். பேசு, பேசாதே என்று வினையின் உருவம் மாறுவதுபோல அங்கேயும் ‘ஆப்லா’ மாறி ‘நோ ஆப்லேஸ்’ ஆகிறது. அதிகம் உழைக்க வேண்டியது நம் ‘இல்லை’ என்ற சொல்லில்தான். தண்ணீர் இல்லை என்றால் ‘நோ ஐ ஆக்வா’. அப்பா வீட்டில் இல்லை என்றால் ‘நோ எஸ்தா’. என்னிடம் பணம் இல்லை என்றால் ‘நோ தெங்கோ’. நமக்கு ஒரே சொல். அங்கே மூன்று வினைகள். வெறும் ‘நோ’வோடு நிறுத்திவிட்டால், என்ன இல்லை, யார் இல்லை என்று கேட்பவர் திகைப்பார்.

இவை எல்லாவற்றையும்விட என்னைக் கவலைப்பட வைப்பது ‘ஆமாம்’. ‘நீங்கள் சாப்பிடவில்லையா?’ என்று கேட்டால் ‘ஆமாம், சாப்பிடவில்லை’ என்கிறோம். தமிழில் அது மிகச் சரியான விடை. ஸ்பானிய மொழியில் அந்த இடத்தில் ஆமாம் என்ற பொருளுள்ள ‘சி’ சொன்னால், சாப்பிட்டேன் என்றே எடுத்துக்கொள்வார்கள். வகுப்பில் நான் மருத்துவராக உட்கார்ந்து ‘நோ தியேனே அலெர்ஹியாஸ்?’ என்று கேட்பேன்: உங்களுக்கு ஒவ்வாமை எதுவும் இல்லையா? ஒவ்வாமை இல்லாத மாணவர் தமிழ் வழக்கப்படி ‘சி’ என்று தலையாட்டுவார். மருத்துவர் தாளில் ஒவ்வாமை உண்டு என்று எழுதிவிடலாம். அதே மாணவர் ஒவ்வாமை உள்ளவராக நடிக்கும்போது ‘இல்லை, இருக்கிறது’ என்று தமிழில் நினைத்து ‘நோ’ என்று தொடங்குகிறார். அது இன்னும் ஆபத்தானது.

ஆகவே சி, நோ என்ற ஒற்றைச் சொல் விடையை முதல் சில மாதங்களுக்கு நான் அனுமதிப்பதில்லை. வினையோடு முழு வாக்கியமாகவே சொல்ல வேண்டும். இல்லையென்றால் ‘நோ, நோ தெங்கோ அலெர்ஹியாஸ்’. இருந்தால் ‘சி, தெங்கோ’ என்று சொல்லி, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிட வேண்டும்.