பையை விமான வாசலில் வாங்கிக்கொண்டால் பேட்டரி எங்கே இருக்கும்?

சேலத்து கல்யாண போட்டோகிராபர்கள் இப்போது சென்னை போன்ற வெளியூர் ஆர்டருக்கெல்லாம் காமலாபுரத்தில் விமானம் ஏறுகிறார்கள். ரயிலில் பையைத் தலைக்கு வைத்துப் படுத்துக்கொண்டு போன பழக்கம் இங்கே உதவாது.

நம் ஊருக்கு வருவது ஏடிஆர் 72 என்ற சின்ன விமானம், தலைக்கு மேலே இருக்கும் தட்டும் சின்னது. எடை 7 கிலோவுக்குள் இருந்தாலும் பை புடைத்துக்கொண்டிருந்தால் படி ஏறும் இடத்தில், "சார், இது மேலே நிற்காது, கொடுங்க, கீழே ஏத்திடறோம்" என்று சீட்டைக் கட்டி வாங்கிக்கொள்வார்கள். பின்னால் வரிசை நிற்கும், வெயில் வேறு, நாமும் சரி என்று கொடுத்துவிடுவோம். உள்ளே நாலைந்து உதிரி பேட்டரியும் ஒரு பவர் பேங்கும் இருப்பது அப்போது யாருக்கு ஞாபகம் வரும்?

அவை சரக்கு அறைக்குப் போகவே கூடாது. லித்தியம் பேட்டரியின் முனையில் ஒரு சாவியோ காசோ உரசினால் ஷார்ட் ஆகிச் சூடேறி எரியும். கேபினில் என்றால் ஊழியர்கள் புகையைப் பார்த்ததும் தண்ணீர் ஊற்றியாவது தணிப்பார்கள், கீழே எரிந்தால் யார் இறங்கிப் போய்ப் பார்ப்பது? அதனால் உதிரி பேட்டரி எல்லாவற்றையும் தனியாக ஒரு சின்னப் பவுச்சில் போட்டு, பையின் வாய்க்கு அருகிலேயே வையுங்கள், பையைக் கேட்டால் பவுச்சை மட்டும் உருவிக்கொள்ளலாம். முனைகளுக்கு மூடி இல்லையென்றால் இன்சுலேஷன் டேப் ஒட்டினால் போதும். கேமரா பாடியும் விலை உயர்ந்த லென்ஸும் தோளில், மெமரி கார்டுகள் சட்டைப் பையில்.

எவ்வளவு பெரிய பேட்டரி கொண்டுபோகலாம் என்ற கணக்கு ரொம்ப எளிது: வோல்ட்டை ஆம்பியர்-அவரால் பெருக்கினால் வாட்-அவர். 100 வரை அனுமதி கேட்க வேண்டாம். 100-லிருந்து 160 வரை விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்க வேண்டும், அதுவும் உதிரி இரண்டுதான். அதற்கு மேல் கிடையாது. மிரர்லெஸ் கேமரா பேட்டரி 7.2 வோல்ட், 2280 எம்ஏஎச் (ஆயிரத்தால் வகுத்தால் 2.28 ஆம்பியர்-அவர்) என்றால் 16 சொச்சம், கவலையே இல்லை. பவர் பேங்கை 3.7 வோல்ட்டில் கணக்குப் போட வேண்டும், 20,000 எம்ஏஎச் என்றால் 74, ஆனால் 30,000 என்றால் 111 ஆகிவிடும். மாட்டிக்கொள்வது வீடியோ லைட்டுக்குப் போடும் வி-மவுண்ட் என்ற பெரிய பேட்டரிதான். 14.8 வோல்ட், 6.6 ஆம்பியர்-அவர் என்றால் 98 வருகிறது, தப்பித்தோம், அதுவே 10 என்றால் 148. லேபிள் தேய்ந்துபோன பேட்டரியை எடுத்துப் போகாதீர்கள், எண் தெரியாவிட்டால் செக்யூரிட்டியில் நம் வாய்ச்சொல் எடுபடாது.

பிலிம் ரோல் மறுபடி தூக்கும் பசங்களுக்கு ஒரு வார்த்தை: அதை செக்-இன் பெட்டியில் போடவே போடாதீர்கள், அங்குள்ள எக்ஸ்ரே கடுமையானது. பெரிய விமான நிலையங்களில் சி.டி. (CT) ஸ்கேனர் வந்துவிட்டால் கைப்பையிலும் ஆபத்துதான், உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் பையில் போட்டு, கையால் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். மெமரி கார்டுக்கு இதனால் ஒன்றும் ஆகாது.

டிரைபாட், லைட் ஸ்டாண்டு, ஸ்க்ரூடிரைவர் எல்லாம் செக்-இன்னில் போடும் துணிப் பெட்டிக்குள், வேட்டியைச் சுற்றி.