கொங்கிறீற்றுக்குள் கம்பி எங்கே?

மாங்குளத்தில் கடை கட்டிக்கொண்டிருக்கும் ஒரு வாசகர் கேட்கிறார்: "தண்ணித் தாங்கிக்குப் பைப் இறக்கத் தளத்தில துளை போட வேணும். மேசன் 'பார்த்துப் போடலாம்' எண்டுறார். ஏதோ மெஷினை உருட்டி உள்ளுக்க இருக்கிற கம்பியைப் பார்க்கலாமாம். அது எக்ஸ்றேயோ? ஆளுக்கு ஆபத்தோ?"

எக்ஸ்றே இல்லை, ராடர். எக்ஸ்றே என்றால் மேலே கருவி, கீழே படத்தகடு, சுற்றியுள்ள ஆட்களையெல்லாம் வெளியே அனுப்ப வேண்டும். இது கைத்தொலைபேசி அலைக்குச் சொந்தக்கார அலை. சக்தியும் அதைவிடக் குறைவு. பக்கத்தில் நின்று தேத்தண்ணீர் குடிக்கலாம்.

"பார்த்துப் போடலாம்" என்பது என்ன பாடு படுத்தும் என்று எனக்குத் தெரியும். பரந்தனில் அக்கா வீட்டில் மின்விசிறிக் கொக்கிக்குத் துளை போட்டவர், தளத்துக்குள் போன வயர்க் குழாயிலேயே துளைக்கும் அலகை இறக்கிவிட்டார். படார் என்றொரு சத்தம், வீடே இருட்டு. ட்ரிப் சுவிட்ச் விழுந்ததால் ஆள் தப்பினார். சீமெந்து பூசி அடைத்த தழும்பு இன்னும் முகட்டில் இருக்கிறது.

அலை போகும், எதிலாவது பட்டுத் திரும்பும், திரும்ப எடுத்த நேரத்தை வைத்துத் தூரம் கணக்கிடலாம். இது பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். காற்றில் ஒளியும் இந்த ராடர் அலையும் ஒரு நனோ செக்கனுக்கு (செக்கனை நூறு கோடியாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு) 30 சென்ரிமீற்றர் போகும். காய்ந்த கொங்கிறீற்றில் ஏறத்தாழ 10. இரும்பு அலையை முழுதாகத் திருப்பி அனுப்பிவிடும்.

சரி, எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். கம்பி ஒரு புள்ளியாகத் தெரிய வேண்டும் அல்லவா? திரையில் தெரிவதோ கவிழ்த்த கிண்ணம் போல ஒரு வளைவு. ஏன்?

இரணைமடுக் குளக்கட்டில் நடந்து போகிறீர்கள் என்று வையுங்கள். தண்ணீருக்குள் ஒரு பட்டமரம் நிற்கிறது. தூரத்தில் வரும்போதே மரம் கண்ணில் படுகிறது. கிட்டக் கிட்ட வர இடைவெளி குறைகிறது, நேர் எதிரே வரும்போது ஆகக் குறைவு, தாண்டினால் மறுபடி கூடுகிறது. ராடரும் அப்படித்தான். அதன் அலை டோர்ச் வெளிச்சம் போல விரிந்து போவதால், தலைக்கு மேலே வருமுன்பே கம்பியைக் கண்டுவிடுகிறது. கம்பி 5 சென்ரிமீற்றர் ஆழத்தில், உருட்டும் ராடர்ப் பெட்டி 12 சென்ரிமீற்றர் தள்ளி என்றால், பைதகரஸ் சொன்னபடி சாய்வுத் தூரம் 13. போய்வர 2.6 நனோ செக்கன். நேர் மேலே வந்தால் 1 நனோ செக்கன்தான். நேரம் கூடக் கூடத் திரையில் புள்ளி கீழே விழும். இடைப்பட்ட புள்ளிகளையெல்லாம் தொடுத்தால் அந்தக் கவிழ்த்த கிண்ணம், கணக்கில் அதன் பெயர் அதிபரவளைவு. அதன் உச்சி வரும் இடத்தில் பெட்டிக்கு நேர் கீழே கம்பி.

இன்னும் ஒன்று இருக்கிறது, எனக்கு இன்றைக்கும் அலுக்காதது. கொங்கிறீற் ஈரமாக இருந்தால் அலை மெதுவாகப் போகும், ஆழக் கணக்குப் பிழைக்கும். ஆனால் அதே ஈரம் வளைவையும் ஒடுக்கிவிடும். அப்புறம் என்ன, வளைவின் அகலத்தை அளந்தே வேகத்தைக் கண்டுபிடித்துவிடலாம்! தன் பிழையைத் திருத்தும் கணக்கைப் படமே கையில் கொடுத்துவிடுகிறது.

எங்கள் பக்கம் கிணறு வெட்ட உள்ளங்கையில் தேங்காய் வைத்து நீரோட்டம் பார்ப்பார்கள். தேங்காய் எழும்பும், ஏன் எழும்பியது என்று இன்னொருவர் சரிபார்க்க வழியில்லை. இந்த வளைவையோ ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையும் சரிபார்க்கும். கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் பீடம் இருக்கிறது. அங்கிருந்து நாள் வாடகைக்கு ஊர்க் கட்டட வேலைகளுக்கு இப்படியான கருவிகள் வந்து போக வேண்டும், அதற்குப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் கட்சி.

வேலைக்கு வருவோம். கம்பி ஓடும் திசையிலேயே பெட்டியை உருட்டினால் வளைவு வராது, நேர்கோடுதான் வரும். ஆகவே நெடுக்கும் குறுக்கும் உருட்டி, சோக்கால் கட்டம் போட்டு, கம்பி இல்லாத கட்டத்தின் நடுவில் துளை போடுங்கள். நெருக்கமாகப் பின்னிய கம்பிக்குக் கீழே இருப்பது தெரியாது. வெறும் பிளாஸ்ரிக் குழாய் மங்கலாகத்தான் தெரியும். வயரில் கரண்ட் ஓடுகிறதா என்று ராடர் சொல்லாது. எனவே மெயின் சுவிட்சை நிறுத்தாமல் அலகைத் தொடாதீர்கள்.

மாங்குளத்து அண்ணைக்கு ஒரு கேள்வி: தளம் போட்டு எவ்வளவு நாள்? இரண்டு, மூன்று கிழமைதான் என்றால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கும், அது அலையைக் குடித்துவிடும், படம் கலங்கலாகத்தான் வரும். அவசரமில்லையென்றால் காயவிட்டு, அதுவரை தாங்கியைக் கீழேயே வைத்துப் பாவியுங்கள்.