23 ஆண்டு மோதலில்லா ரயில்: அந்த எண் சொல்லாத சங்கதி

கோலாலம்பூரில் ஓட்டுநரில்லாமல் தானாக ஓடும் கிளானா ஜெயா எல்ஆர்டி (இலகு ரயில்) தடம் 1998 செப்டம்பரில் ஓடத் தொடங்கியது. 2021 மே 24 இரவு எட்டரை மணி வரை அந்தத் தடத்தில் இரண்டு ரயில்கள் மோதிக்கொண்டதே இல்லை. அன்று மத்தியானம் யாரைக் கேட்டிருந்தாலும், பதிவேட்டைப் புரட்டிவிட்டு "பாதுகாப்பான தடம்" என்றுதான் சொல்லியிருப்பார்கள். இரவில் இரண்டு ரயில்கள் மோதின. அதற்குள் ரயிலும் மாறவில்லை, விதிமுறையும் மாறவில்லை, பயிற்சியும் மாறவில்லை.

அரிதாக நடக்கும் விபத்துகளை எண்ணி ஒரு ரயில் சேவையை எடைபோடுவதில் உள்ள சிக்கல் இதுதான். புள்ளியியலில் 'மூன்றின் விதி' என்று ஒரு எளிய கணக்கு உண்டு. ஒரு தடத்தில் ரயில்கள் இரண்டு ஆண்டுகளில் 10 மில்லியன் கிலோமீட்டர் ஓடியும் ஒரு விபத்துகூட இல்லை என்று வைத்துக்கொள்வோம். 3-ஐ 10 மில்லியனால் வகுத்தால், உண்மையான விபத்து விகிதத்தின் மேல்வரம்பு 95 விழுக்காட்டு நம்பகத்தோடு கிடைக்கும். அது 3.3 மில்லியன் கிலோமீட்டருக்கு ஒன்று, அந்தத் தடத்தின் ஓட்டத்துக்கு ஏறக்குறைய எட்டு மாதத்துக்கு ஒரு விபத்து. அவ்வளவு மோசமான நிலை இருந்தாலும், இரண்டு வருடப் பூஜ்யத்தை வைத்து அதை மறுக்க முடியாது.

எதால் வகுக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். தைப்பூசத்துக்குப் பத்துமலை போகும் கம்யூட்டர் ரயிலில் மூச்சுவிட இடமிருக்காது. விபத்துகளைப் பயணி-கிலோமீட்டரால் (பயணிகளின் எண்ணிக்கையை அவர்கள் போன தூரத்தால் பெருக்கி வரும் எண்) வகுத்தால் அந்த நாள் கணக்கில் அழகாகத் தெரியும், ஏனென்றால் வகுக்கும் எண் பெருத்துவிடுகிறது. நடைமேடை விளிம்பில் ஆபத்து கூடியிருப்பதோ அதில் தெரியாது. தண்டவாளத்தில் அத்துமீறி இறங்கி அடிபட்டவர்களையும் தற்கொலைகளையும் பயணிகளின் இறப்போடு சேர்த்துவிட்டால் கணக்கு இன்னும் குழம்பும். மூன்றையும் தனித்தனியாகக் காட்டாத அறிக்கையை மேற்கோள் காட்டாமல் இருப்பதே நல்லது.

2021 மோதலில் காயமடைந்தவர்கள் 213 பேர். அவர்களில் 47 பேருக்குப் பலத்த காயம். கோவிட் நடமாட்டக் கட்டுப்பாடு நடப்பில் இருந்த நேரம் அது. வழக்கமான ஒரு வெள்ளிக்கிழமை மாலை என்றால் பெட்டிக்குள் எத்தனை பேர் நின்றிருப்பார்கள் என்பது மஸ்ஜிட் ஜாமெக் நிலையத்தில் மாறி ஏறுபவர்களுக்குத் தெரியும். காயத்தின் எண்ணிக்கையில் அதிர்ஷ்டத்துக்குப் பெரும்பங்கு உண்டு. காரணத்தில் அதற்குப் பங்கில்லை.

காரணத்துக்கு வருவோம். கிளானா ஜெயா தடத்தில் ஒவ்வொரு ரயிலின் கணினியும் தான் இருக்கும் இடத்தைக் கட்டுப்பாட்டு மையத்துக்கு ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கும். அதை வைத்துத்தான் பின்னால் வரும் ரயில் எங்கே நிற்க வேண்டும் என்று முடிவாகிறது. ரயிலின் கணினி செயலிழந்தால் அந்தப் பேச்சு நின்றுபோகும். அதற்குப் பிறகு ஆளே ஓட்ட வேண்டும். பாதுகாப்பு, ஓட்டுபவரும் கட்டுப்பாட்டாளரும் என இரண்டு மனிதர்கள் வாக்கிடாக்கியில் பேசிக்கொள்வதில் வந்து நிற்கும். அன்று கம்போங் பாரு, கேஎல்சிசி நிலையங்களுக்கு இடையில், சுரங்கத்துக்குள், ஆள் ஓட்டிய காலி ரயில் தவறான திசையில் போய், பயணிகளோடு தானாக வந்துகொண்டிருந்த ரயிலோடு நேருக்கு நேர் மோதியது.

ஓட்டுநரே இல்லாத ரயிலில் கையால் ஓட்டும் வாய்ப்பு எப்போதாவதுதான் வரும். எப்போதாவது செய்யும் வேலையைத்தான் கை மறக்கும். தானியங்கி முறை எவ்வளவு நம்பகமானதோ, அது கைவிடும் நாளில் மனிதர் அவ்வளவு பழக்கமற்றவராக இருப்பார். ஆகவே "பயிற்சி பெற்றவரா?" என்று கேட்டுப் பயனில்லை. கடைசியாக எந்த மாதம், எத்தனை மணி நேரம், பழுதான ரயிலைச் சுரங்கத்தில் கையால் ஓட்டினார் என்று கேட்க வேண்டும்.

இந்த ரயில்களின் இரு முனையிலும் ஓட்டும் பலகை உண்டு, மூடிபோட்டு மூடியிருக்கும். எந்த முனையில் உட்கார்ந்தாலும் உட்கார்ந்தவருக்கு அதுதான் 'முன்பக்கம்'. சுரங்கத்துக்குள் இரு பக்கமும் ஒரே சுவர், ஒரே விளக்கு. அதனால் "முன்னே போங்க" என்ற கட்டளையைப் போல ஆபத்தானது வேறில்லை. சரியான கட்டளையில் ரயில் எண், போக வேண்டிய நிலையத்தின் பெயர், நிற்க வேண்டிய இடம், வேக வரம்பு ஆகிய நான்கும் இருக்க வேண்டும். ஓட்டுநர் நான்கையும் அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். கட்டுப்பாட்டாளர் "சரி" என்ற பிறகே சக்கரம் நகர வேண்டும். வெறும் "ஓகே, ரோஜர்" என்பது பதிலே இல்லை. கேட்டவர் என்ன புரிந்துகொண்டார் என்பது அதில் தெரியாது.

ஜப்பானிய ஓட்டுநர்கள் சிக்னலை விரலால் சுட்டி வாய்விட்டுச் சொல்வதைப் பார்த்துச் சிரிப்பவர்கள் உண்டு. 1994-இல் அங்குள்ள ரயில்வே தொழில்நுட்ப ஆய்வு நிலையம் நடத்திய சோதனையில், சும்மா செய்தபோது நூற்றுக்கு 2.38 தவறுகள், சுட்டிச் சொல்லிச் செய்தபோது 0.38.

அதே ஜப்பானில்தான் 2005 ஏப்ரல் 25 அன்று அமகசாக்கியில் ரயில் தடம்புரண்டு 107 பேர் இறந்தார்கள். 23 வயது ஓட்டுநர், 70 கிலோமீட்டர் வரம்புள்ள வளைவில் சுமார் 116 கிலோமீட்டர் வேகத்தில் நுழைந்தார். அதற்குச் சற்று முன் இட்டாமி நிலையத்தில் அவர் 72 மீட்டர் தாண்டி நிறுத்தியிருந்தார். நடத்துநர் மேலிடத்துக்குத் தெரிவித்ததோ 8 மீட்டர் என்று. தவறு செய்தவர்களை மறுபயிற்சி என்ற பெயரில் அவமானப்படுத்தும் வழக்கம் அந்த நிறுவனத்தில் இருந்தது. அதற்குப் பயந்து அந்த 72, 8 ஆனது. தண்டனைக்கு அஞ்சும் இடத்தில் புள்ளிவிவரம் முதலில் பொய் சொல்லக் கற்றுக்கொள்கிறது.

அதனால் ஒரு தடத்தில் 'மயிரிழையில் தப்பிய' சம்பவங்களின் பதிவு திடீரென்று கூடினால் பயப்பட வேண்டியதில்லை. ஊழியர்கள் வாய்திறக்கத் தொடங்கியிருக்கலாம். பழுதுகள் குறையாமல் பதிவுகள் மட்டும் குறைந்தால்தான் விசாரிக்க வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு மேற்பட்ட தாமதத்தை வைத்துக் கணக்கிடும் நம்பகத்தன்மை எண்ணைப் பாதுகாப்பு எண்ணாக வாசிப்பதும் தவறு. சந்தேகம் வந்து ரயிலை நிறுத்திவைத்த கட்டுப்பாட்டாளர் அந்தக் கணக்கில் குற்றவாளி ஆகிவிடுவார்.

பயிற்சியில் பெரும்பாலும் விடுபட்டுப்போவது கூட்டுப் பயிற்சி. ஓட்டுநருக்கு சிமுலேட்டரில் தனியாக, கட்டுப்பாட்டாளருக்கு வகுப்பறையில் தனியாக நடக்கும். இருவரும் ஒரே கற்பனைப் பழுதை ஒரே நேரத்தில், உண்மையான வாக்கிடாக்கியில் பேசித் தீர்க்கும் பயிற்சி மிகக் குறைவு. உண்மைத் தடத்தில் அதை நடத்தக் கிடைப்பது கடைசி ரயிலுக்கும் காலை முதல் ரயிலுக்கும் நடுவே உள்ள சில மணி நேரம். அதே நேரத்துக்குத்தான் தண்டவாளப் பராமரிப்புக் குழுவும் காத்திருக்கிறது.