வெளிநாட்டு வீட்டுத்திட்டம்: பட்டியலில் உங்கள் பெயர் இல்லையென்றால்

நோர்வேயின் சனத்தொகை 60 இலட்சம்கூட இல்லை. ஆனால் பணக்கார நாடுகள் தங்கள் வருமானத்தில் 0.7 வீதத்தை உதவியாகக் கொடுக்க வேண்டும் என்று ஐ.நா. 1970இல் வைத்த இலக்கை எட்டிய சில நாடுகளில் அதுவும் ஒன்று. குருநகர் வலைத் தொழிற்சாலை, காரைநகர் படகுத் தொழிற்சாலை என்றதும் பெரியவர்கள் ‘சீநோர்’ நிறுவனம் என்பார்களே, அதில் உள்ள ‘நோர்’ அந்த நாடுதான். போருக்குப் பிறகு சுவிஸும் இலங்கையின் வடக்கில் வீடு கட்டக் காசு தந்தது. வரலாறு இவ்வளவு போதும். இப்படி வரும் வீட்டுத்திட்டத்தின் பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் என்ன செய்வது என்று பார்ப்போம்.

சிறிய நாடுகள் ஊர் ஊராக ஆள் வைத்து வேலை செய்வது குறைவு. காசை ஐ.நா. அமைப்பிடமோ தொண்டு நிறுவனத்திடமோ கொடுத்துவிடுவார்கள். யாருக்கு வீடு என்ற பட்டியல் பெரும்பாலும் விதானையாரிடமும் (கிராம அலுவலர்) பிரதேச செயலகத்திலும்தான் தொடங்குகிறது. ‘வெளிநாட்டுக்காரர்தான் பெயரை வெட்டினவை, எங்களுக்கு ஒன்றும் தெரியாது’ என்று கந்தோரில் சொன்னால், அதைக் கேட்டுக்கொண்டு திரும்பி வராதீர்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு அக்கா, கணவரை இழந்தவர், மூன்று வருடம் இப்படி அலைந்தார். போகும்போதெல்லாம் ‘அடுத்த கட்டத்தில பாப்பம்’ என்ற ஒரே பதில். கடைசியில் எழுத்தில் கேட்டபோதுதான் காரணம் தெரிந்தது. மீள்குடியேறிய காலத்தில் அவருக்குக் கொடுத்த கூரைத் தகரத்தை வைத்து ‘வீட்டுதவி பெற்றவர்’ என்று பதிந்திருந்தார்கள். ஒரு கடிதத்தில் திருத்தக்கூடிய பிழை. ஆனால் அதற்குள் அந்தத் திட்டக் காலமே முடிந்துவிட்டது. வெளிநாட்டுத் திட்டத்துக்கு முடிவுத் திகதி உண்டு, அது உங்களுக்காகக் காத்திருக்காது.

அடுத்த பொறி காணி. உறுதி இறந்துபோன தாய் தகப்பன் பெயரில் கிடக்கும், சகோதரங்கள் கனடாவிலும் பிரான்சிலும் இருப்பார்கள். திட்டம் வந்த பிறகு கையெழுத்துத் தேடினால் காலம் போதாது. இப்போதே நொத்தாரிசிடம் கதைத்து, வெளிநாட்டில் உள்ளவரிடம் அற்றோணித் தத்துவம் (அவருக்காக இங்கே ஒருவர் கையெழுத்திட அதிகாரம் தரும் பத்திரம்) எடுத்து வையுங்கள். மூல உறுதியை எந்த அலுவலரிடமும் விட்டுவிட்டு வரவேண்டாம், பிரதியைக் கொடுங்கள். இடம்பெயர்ந்து உறவினர் வீட்டில் இருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை. காணி ஒரு பிரிவில், பதிவு இன்னொரு பிரிவில். இரண்டு விதானைமாரும் மற்றவரைக் கைகாட்டுவார்கள். எந்தப் பிரிவில் விண்ணப்பிக்க வேண்டும் என்பதைப் பிரதேச செயலகத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

சரி, எழுத்தில் கேட்பது எப்படி? 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. அதன் கீழ் உங்கள் கோரிக்கையை எழுதி, பிரதேச செயலகத்தின் தகவல் அலுவலரிடம் கொடுங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. எழுத முடியாதவர் வாயால் சொன்னால், அதை எழுதிக்கொள்வது அந்த அலுவலரின் கடமை. கொடுத்ததற்குப் பற்றுச்சீட்டு வாங்காமல் கதிரையை விட்டு எழும்பாதீர்கள். தருவதா மறுப்பதா என்று 14 வேலைநாட்களுக்குள் சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் மேன்முறையீட்டு அலுவலரிடம் போகலாம், அங்கும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் கொழும்பிலுள்ள தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு.

பலருக்குத் தெரியாத ஒன்று: வெளிநாட்டு அரசின் காசில் பெருமளவு இயங்கி, பொதுமக்களுக்குச் சேவை செய்யும் தொண்டு நிறுவனமும் அந்தச் சேவை தொடர்பாக இதே சட்டத்துக்குள் வரும். ‘நாங்கள் அரசாங்கம் இல்லை’ என்று அவர்கள் தட்டிக்கழிக்க முடியாது. பக்கத்து வீட்டுக்காரரின் கோப்பில் உள்ளதைக் கேட்டால், அது அவருடைய சொந்த விபரம் என்று மறுக்க இடமுண்டு. ஆகவே தெரிவு விதிகளையும், உங்களுக்குக் கிடைத்த புள்ளிகளையும், பெயர் விலக்கப்பட்ட காரணத்தையும் மட்டும் கேளுங்கள்.

பெயர் வந்த பிறகும் கவனம் வேண்டும். காசு ஒரே தடவையில் வராது. அத்திவாரம், சுவர், கூரை என்று வேலையைப் பார்த்துத்தான் அடுத்த தவணை. இந்திய வீட்டுத்திட்டத்தில் முழு வீட்டுக்குத் தந்தது 5.5 இலட்சம் ரூபா, அதுவும் தவணையாக. பிள்ளைகளை நினைத்து ஒரு அறையைக் கூட்டி அத்திவாரம் போட்டவர்கள் சுவர் எழுப்பக் காசில்லாமல் நகையை அடகு வைத்ததைக் கண்டிருக்கிறேன். வரைபடத்தில் உள்ள அளவுக்கு மட்டும் அத்திவாரம் வெட்டும்படி மேசனிடம் சொல்லுங்கள்.