ஜின்னில் தண்ணீர் செய்யும் வேலை

பாம்பே சஃபையர் என்ற பிரிட்டிஷ் ஜின்னில் 10 வாசனைப் பொருள்கள் சேர்கின்றன. ஜூனிப்பர், மல்லி விதை, அதிமதுரம், வால்மிளகு, எலுமிச்சைத் தோல், பாதாம் என்று நீளும் அந்தப் பட்டியல், நாட்டு மருந்துக் கடைச் சீட்டு மாதிரி இருக்கும். இவை எல்லாம் சேர்வதற்கு முன், ஜின் என்பது வாசனையே இல்லாத தானியச் சாராயம்தான்.

இதில் ஜூனிப்பர் மட்டும் கட்டாயம். அதன் வாசனை முன்னால் நிற்காவிட்டால் ஐரோப்பியச் சட்டப்படி அது ஜின்னே இல்லை. பழம் போலத் தெரிந்தாலும் ஜூனிப்பர் உண்மையில் ஊசியிலைச் செடியின் சதைப்பற்றுள்ள கூம்பு. முற்ற இரண்டு, மூன்று ஆண்டுகள் ஆவதால் ஒரே கிளையில் பச்சையும் கருநீலமும் சேர்ந்தே இருக்கும். இத்தாலியின் டஸ்கனியில் கிளையைக் குச்சியால் தட்டி, முற்றியதை மட்டும் உதிர்த்து எடுக்கிறார்கள். அதை நசுக்கினால் வரும் பைன் மர வாசனைக்கு முக்கியக் காரணம் ஆல்ஃபா பைனீன் என்ற வேதிப்பொருள். மல்லி விதையில் அந்த இடம் லினலூலுக்கு.

நெதர்லாந்தின் ஜெனிவர் என்ற ஜூனிப்பர் சாராயம்தான் ஜின்னுக்கு மூலம். 17ஆம் நூற்றாண்டில் அது இங்கிலாந்துக்குப் போனது. 1830 வாக்கில் ஈனியஸ் காஃபி என்பவரின், தொடர்ந்து வடிக்கும் தூண் வடிகலன் வந்தபின் சாராயம் சுத்தமாகக் கிடைத்தது. மட்டச் சரக்கின் நாற்றத்தை மறைக்கச் சர்க்கரை கொட்ட வேண்டிய தேவை போய், இனிப்பில்லாத 'டிரை ஜின்' பிறந்தது.

சரி, காக்டெயிலுக்கு வருவோம். வாசனை மூலக்கூறுகள் எண்ணெய்த் தன்மை கொண்டவை. சாராயத்தில் சுகமாகக் கரையும், தண்ணீரோடு ஒட்டாது. 43 சதவீத ஜின்னில் சாராயம் அவற்றைப் பிடித்து வைத்திருக்கிறது. தண்ணீர் கூடக்கூடப் பிடி தளர்ந்து, அவை மேலே எழும்பி மூக்குக்கு வருகின்றன. எண்ணெய் அதிகமுள்ள சில ஜின்கள் டானிக் என்ற கசப்புச் சோடாவை ஊற்றியதும் லேசாகக் கலங்குவதும் இதனால்தான். அது கெட்டுப்போனதன் அடையாளம் இல்லை.

அதனால் ஐஸ் உருகுவதைக் குறையாக நினைக்கக் கூடாது. மார்ட்டினி என்ற காக்டெயிலில் 60 மில்லி ஜின்னும் 15 மில்லி வெர்மூத்தும் (மூலிகை சேர்த்த ஒயின்) ஐஸில் அரை நிமிடம் கலக்கினால், ஏறக்குறைய 20 மில்லி தண்ணீர் சேர்கிறது. குளிர்ச்சியும் அந்த உருகலில் இருந்துதான் வருகிறது: 1 கிராம் ஐஸ் உருக 334 ஜூல் வெப்பத்தை இழுத்துக்கொள்கிறது. ஜின்னை ஃப்ரீசரில் வைத்து அப்படியே ஊற்றினால் குளிரும், ஆனால் வாசனை திறக்காது. எனக்கு அது பாதி செய்த மார்ட்டினி. எலுமிச்சைச் சாறு சேர்ந்தால் மட்டும் குலுக்க வேண்டும். நுண்ணிய காற்றுக் குமிழ்கள் புகுந்து சாற்றின் கூர்மையை மென்மையாக்கும்.

டானிக்கின் கசப்புக்குக் காரணம் சிங்கோனா மரப் பட்டையில் உள்ள குயினைன் என்ற மலேரியா மருந்து. 1820இல் பாரிஸில் பெல்லெட்டியேவும் கவான்டூவும் அதைப் பிரித்தெடுத்தார்கள். மலேரியாவுக்கு அஞ்சிய பிரிட்டிஷார் 1860களில் நீலகிரியின் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் சிங்கோனாவைப் பயிரிட்டார்கள். இன்றைய டானிக்கில் இருப்பது மருந்தாகாத சிறு அளவுதான். ஆனாலும் புற ஊதா விளக்கில் காட்டினால் கோப்பை நீலமாக ஒளிரும்.

50 மில்லி ஜின்னோடு 150 மில்லி டானிக் சேர்த்தால் சாராயம் சுமார் 11 சதவீதமாக இறங்கும். அப்புறம் எலுமிச்சைத் தோல் ஒரு துண்டை, வெளிப்பக்கம் கோப்பையைப் பார்க்கும்படி வளைத்துப் பிழியுங்கள். தோலின் எண்ணெய்ப் பைகள் உடைந்து சிதறும் லிமோனீன் என்ற வாசனைப் பொருள் அந்த நீர்த்த பானத்தில் கரையாமல் மேலேயே மிதக்கும். முதல் வாய்க்கு முன்பே மூக்கில் ஏறுவது அதுதான்.